அரைப்புள்ளி விசையின் எடை

செல்வினுடைய விசைப்பலகையில் அரைப்புள்ளி விசை மட்டும் கல்லாகிவிட்டது. புகார் கொடுத்தார். வன்பொருள் பிரிவிலிருந்து அஸ்லம் வந்து, பலகையை விற்ற நிறுவனம் கொடுத்திருந்த எடை அளவியை விசையின் மேல் வைத்து அழுத்தினார். நாற்பத்தைந்து கிராம். இருக்க வேண்டிய எடை அதுதான். நானும் சுண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிறகு செல்வின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பத்து வரி அடித்தார். பத்தாவது வரியில் அவர் முகம் கோணியது.

“மறுபடியும் கல்லு மாதி ஆயிட்டு, பாத்துக்கிடுங்க” என்றார்.

அஸ்லம் மறுபடியும் அளந்தார். நாற்பத்தைந்து. அடுத்த வாரம் அந்த விசையையே கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டி அளந்தார். நாற்பத்தைந்து. மூன்றாம் முறை புகாரை மூடும்போது, ‘என்னிடம் சரியாக வேலை செய்கிறது’ என்று குறிப்பு எழுதினார். நிரல் எழுதுகிறவர்களிடம் இதைவிடப் பழைய வாக்கியம் கிடையாது. சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. தான் சோதித்த இடம் வேறு, பிழை குடியிருக்கும் இடம் வேறு என்பதை மறந்துவிடுகிறார், அவ்வளவுதான். நானும் மறந்தேன். எலும்பு டாக்டரைப் பார்க்கும்படி செல்வினிடம் சொன்னேன். வயதாகிறதில்லையா என்றுகூடச் சொன்னேன். அவருக்கு நாற்பத்தெட்டு.

எங்களுடையது சோழிங்கநல்லூரில் நானூறு பேர் வேலை பார்க்கும் அலுவலகம். புதிய நிரல்களை இப்போது இயந்திரங்களே எழுதிவிடுகின்றன. ஆனால் முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் காப்பீட்டு நிரல்களை இயந்திரத்திடம் ஒப்படைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அவற்றை நாங்கள் கையால் பழுதுபார்க்கிறோம். பயிர்க் காப்பீட்டு நிரலின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர் செல்வின் ஒருவர்தான். பத்தொன்பது வருடமாக அதனோடு இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவருக்குக் கைத் தகுதித் தேர்வு. நாற்பது நிமிடம் தன் சொந்த விசைப்பலகையில் அடிக்க வேண்டும். வேகம் குறைந்தால், உடல்நிலை காரணமாகத் தானே விலகுவதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்து வருடம் முடித்தவரை நிறுவனம் வெளியே அனுப்பினால் இரண்டு வருடச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று எங்கள் பழைய ஒப்பந்தம் சொல்கிறது. முடியவில்லை என்று தானே போகிறவருக்கு ஒரு மாதச் சம்பளமும் ஒரு கேக்கும். எட்டு மாதத்தில் பதினொரு பேர் கேக் வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பதினொரு வாழ்த்து அட்டைகளிலும் ‘கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி, அடியில் ‘சாரு’ என்று பெயர் போட்டவள் நான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மணிக்கட்டு வலி என்று பாதிப் பேர் விடுப்பில் போனபோது, நல்ல பலகையாகப் பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. இப்படி ஒரு வேலை கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒன்பது மாதிரிகளை வரவழைத்து ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் அடித்துப் பார்த்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினேன், கேட்காதவர்களையும் நிறுத்திவைத்து விளக்கினேன். சாதாரணப் பலகையில் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராகக் குவிகின்றன, அதனால் மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைகிறது. பலகையை இரண்டு பாதியாக்கித் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்தால் அந்த வளைவு போய்விடும். இரண்டு பாதிகளையும் உட்பக்கம் கூரைபோல உயர்த்தினால் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொள்ளாது. விசைக்குக் கீழே ஒரு சுருள்வில் இருக்கிறது. அது எவ்வளவு கனமோ அவ்வளவையும் ஒவ்வொரு அடிக்கும் விரல்தான் சுமக்கிறது. நாற்பத்தைந்து கிராம் என்பது ஒரு சின்ன முட்டையின் எடை. அதற்குமேல் போகக் கூடாது என்பது என் கட்சி.

ஒன்பதாவது மாதிரியில் இதெல்லாம் இருந்தது, கூடவே ஓர் அதிசயமும் இருந்தது. ஒவ்வொரு சுருள்வில்லையும் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுற்று. விசைத் தண்டின் அடியில் பொட்டளவு காந்தம். கம்பியில் மின்சாரம் ஒரு திசையில் ஓடினால் காந்தம் கீழே இழுபடும், விசை லேசாகும். மறுதிசையில் ஓடினால் மேலே தள்ளப்படும், விசை கனக்கும். எந்த விரல் களைத்திருக்கிறதோ அதற்கு மட்டும் விசையை லேசாக்கலாம். அதற்கு, அடிப்பது யாருடைய கை என்று பலகைக்குத் தெரிய வேண்டும். ஒரு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நாம் விடுகிற இடைவெளி ஆளுக்கு ஆள் வேறு, நடையைப் போல. முதல் நாள் இடப்பாதி இடக்கையையும் வலப்பாதி வலக்கையையும் பதிந்து தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் நான்கைந்து வரி அடித்தால் போதும், ஆளைக் கண்டுகொள்ளும். பழக்கமில்லாத கை வந்தாலோ, அடிப்பது நின்றாலோ எதுவும் செய்யாது. எல்லா விசையும் வெறும் நாற்பத்தைந்து.

அந்த முதல் நாளில் ஒரு படிவமும் உண்டு. எங்கே வலிக்கிறது?

வேறு தொழில் பார்ப்பவர்கள் ‘கை வலிக்கும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். நாங்கள் பிழை அறிக்கை எழுதியே பழகியவர்கள். எந்த விரல், எந்தக் கணு, எந்த விசை, எத்தனை நிமிடத்துக்குப் பிறகு, வலியை மறுபடி வரவைக்க என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதினோம். மேம்போக்காக எழுதியவர்களிடம் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் துல்லியமாக எழுதச் சொன்னேன். நானூறு உடம்புகளின் பலவீனமான இடங்கள், சுத்தமான வாக்கியங்களில், ஒரே கோப்பில்.

புதன்கிழமை மதியம் உணவுக்கூடத்தில் செல்வின் ரசம் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைய முடியவில்லை என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

“என் கையே எனக்கு அசிங்கமா இருக்கு சாரு. வெள்ளிக்கிழம டெஸ்ட்டுக்குப் போகாமலே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரலாம்னு பாக்கேன். நாலு பேரு முன்னால தோக்க வேண்டாம்லா.”

காலையில் டாக்டரிடம் போய்வந்திருந்தார். சுண்டு விரலையும் மோதிர விரலையும் சேர்த்து ஒட்டுத்துணியால் கட்டி அனுப்பியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு இடத்துக்குத் திரும்பி, கட்டோடு தட்டுத்தடுமாறிக் கொஞ்சம் அடித்தார். வேகம் பாதிகூட இல்லை. ஆனால் முகம் தெளிந்திருந்தது. டாக்டர் கெட்டிக்காரர்தான், கட்டுப் போட்டதும் மெத்தென்று இருக்கிறது என்றார்.

“எது மெத்துன்னு இருக்கு? விரலா, கீயா?”

கொஞ்சம் யோசித்தார். “கீதான்.”

ஒட்டுத்துணி விரலைத் தாங்கலாம். விசையை மென்மையாக்காது. கட்டுப் போட்ட கை மாற்றுவது ஒன்றே ஒன்றைத்தான்: விரல்களுக்கு நடுவே விடும் இடைவெளியை. அதாவது, பலகைக்கு அவரை இப்போது அடையாளம் தெரியவில்லை.

நான் அஸ்லமைக் கூப்பிட்டேன். அளவியை எடுத்துக்கொண்டு வந்தவரிடம் அது வேண்டாம் என்றேன். விற்றவன் கொடுத்த தராசில் விற்றவன் சரக்கை நிறுக்கக் கூடாது. நமக்குத் தண்ணீர் போதும். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம். இதைவிட நேர்மையான எடைக்கல் கிடையாது. அரைப்புள்ளி விசையின் மேல் ஒரு சின்ன அழிப்பானைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் காபி மெஷின் காகிதக் கோப்பையை வைத்தோம். அழிப்பானும் கோப்பையும் சேர்ந்து எட்டு கிராம். சாயாமலிருக்க அஸ்லம் இரண்டு விரலால் அணை கொடுத்தார். அவர் அச்சு இயந்திரத்துக்கு மை நிரப்பும் ஊசிக்குழல் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். எவ்வளவு கழுவியும் தண்ணீர் லேசான நீலமாகத்தான் வந்தது. நான் சொட்டுச் சொட்டாக விட்டேன். முப்பத்தேழு மில்லியில் விசை இறங்கியது. எட்டையும் சேர்த்தால் நாற்பத்தைந்து.

“அதே அளவுதான் மேடம்” என்றார் அஸ்லம், ஏமாற்றத்தோடு.

“இப்ப செல்வின் கட்டைப் பிரிக்கட்டும்.”

செல்வின் கட்டைப் பிரித்தார். நான்கைந்து வரி அடிக்கச் சொன்னேன். பிறகு சுண்டு விரலை மட்டும் தூக்கிக்கொண்டு மற்ற விரல்களால் நிறுத்தாமல் அடிக்கச் சொல்லிவிட்டு, அவர் கைக்குப் பக்கத்திலேயே கோப்பையை வைத்தோம். பார்ப்பவர்களுக்கு ஏதோ பரிகாரம் செய்வதுபோல இருந்திருக்கும். முப்பத்தேழு மில்லியில் விசை அசையவில்லை. ஐம்பதில் அசையவில்லை. அறுபதில், அடிப்பதை நிறுத்தாமலே செல்வின் கோப்பையைத் திரும்பிப் பார்த்தார். எழுபதில் இறங்கியது.

எழுபத்தெட்டு கிராம்.

பக்கத்து விசைகளையும் அளந்தோம். சுண்டு விரலுக்குரியவை எல்லாம் எழுபதுக்கு மேல். மற்ற விரல்களுக்குரியவை நாற்பத்தைந்து. என் கோப்பில் செல்வினின் படிவத்தைத் தேடி எடுத்தேன். ‘வலது சுண்டு விரல், இரண்டாம் கணு. அரைப்புள்ளி விசை. சுமார் இருபது நிமிடத்துக்குப் பிறகு தொடங்கும்.’ அழகான பிழை அறிக்கை.

கணக்குப் போடாமல் இருக்க எனக்கு முடியாது. சுண்டு விரல் ஒரு நாளைக்கு ஆறாயிரம் தடவை இறங்குகிறது. தடவைக்கு முப்பத்துமூன்று கிராம் கூடுதல். கிட்டத்தட்ட இருநூறு கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை எட்டு. ஏற்கெனவே வலிக்கிற ஒரு விரலின் மேல், தினமும், எட்டு மூட்டை.

செல்வின் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்லம் கோப்பையை எடுத்துக் கீழே வைத்தார்.

“ச்சீ” என்றார். “மூணு தடவ நான் அந்த டிக்கெட்ட மூடியிருக்கேன் மேடம்.”

மறுநாள் காலை மனிதவளப் பிரிவின் தலைவர் நிரஞ்சனாவைப் பார்க்கப் போனேன். மறுப்பார் என்று நினைத்து, எடைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் மறுத்திருந்தாலே தேவலையாக இருந்திருக்கும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் பாராட்டுக்குரிய காரியம் செய்ததுபோலச் சிரித்தார். அவர் மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையக் கைக்களிம்புப் பொட்டலங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ‘உங்கள் கை, எங்கள் அக்கறை’ என்று அச்சிட்டிருந்தது.

இது நலத் திட்டத்தின் ஒரு பகுதி என்று விளக்கினார். விற்ற நிறுவனத்திடம் கேட்டு வாங்கிய கூடுதல் வசதியாம். “வலிக்கிற விரலுக்கு ரெஸ்ட் வேணும் சாரு. வாயால சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. கீ கொஞ்சம் டைட்டா இருந்தா தானா கேப்பாங்க.”

“அந்த கீ அந்த விரலுக்குத்தான் இருக்கு. அவர் வேற எதால அடிப்பாரு?”

“அதுதான் கேள்வி. அந்த விரல் இல்லாம வேலை பாக்க முடியலன்னா அவர் ஃபிட் இல்லைன்னுதானே அர்த்தம்?”

தேர்வு நேரத்திலாவது அதை நிறுத்தி வைக்கலாமே என்று கேட்டேன். அன்றாட நிலைமையில் சோதிப்பதுதான் நியாயமான சோதனை என்றார். என் குழுவில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தியும் சுண்டு விரல் வலி என்றுதான் எழுதியிருக்கிறாள், அவள் பலகையையும் அளந்தோம், அவளுக்கு மட்டும் ஏன் விசை லேசாகவே இருக்கிறது என்று கேட்டேன்.

“பதினஞ்சு வருஷம் முடிச்சவங்க மேலதான் எங்களுக்கு ஸ்பெஷல் அக்கறை” என்றார். “உங்களுக்கு ஜனவரில முடியுது இல்ல? உங்க ஃபார்ம் படிச்சேன். வலது கட்டை விரல். எவ்வளவு க்ளியரா எழுதியிருக்கீங்க, ஒரு முழுப் பக்கத்துக்கு.”

ஒரு களிம்புப் பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடிவிட்டார். மெத்தென்ற, குளிர்ந்த கை. மல்லிகை வாசனை. வெளியே வந்து பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். கழிவறையில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினேன். பிறகு நின்று இன்னொரு தடவை கழுவினேன். போகவில்லை. அந்த அருவருப்பில் பாதி என்மேல்தான். படிவங்களைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் துல்லியமாக என்று கேட்டது இந்த வாய்தான்.

தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது. போவோம் என்று அஸ்லமும் நானும் முடிவு செய்துவிட்டோம். எடைகளைத் தேதி போட்டுக் குறித்து, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். ஆனால் வழக்கு முடிய வருடங்கள் ஆகும். வெள்ளிக்கிழமை நாளைக்கே வருகிறது.

பலகையைத் திறந்து செம்புச் சுற்றுகளுக்குப் போகும் கம்பியை வெட்டிவிடலாமா என்று அஸ்லமிடம் கேட்டேன். விசையை மேலிருந்து கழற்றலாம், அடிமூடியைத் திறந்த நொடியே நிர்வாகத்துக்குத் தகவல் போய்விடும் என்றார். கையைப் புதிதாகப் பதிவு செய்யலாமா? விற்றவர்களால் மட்டும்தான் முடியும். இடைவெளிகளை மாற்றி வேறு ஆள்போல அடிக்க முடியுமா என்று செல்வினே முயன்று பார்த்தார். இரண்டு வரிவரை முடிந்தது. மூன்றாவது வரியில் அவர் கை அவரைக் காட்டிக்கொடுத்தது. இருபது வருடப் பழக்கத்தை ஒரு மதியத்தில் மறைக்க முடியாது.

அப்புறம் மேசையடியில் குனிந்து கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், தேர்வறையில் எதைச் சரிபார்ப்பார்கள் என்று. நடுவில் இருக்கும் சின்னப் பெட்டியின் எண்ணை, என்றார் அஸ்லம். கணினியில் செருகுவது அந்தப் பெட்டிதான். இரண்டு பாதிகளும் ஆளுக்கொரு கம்பியில் அதோடு தொங்குகின்றன. பாதிகளுக்கு எண் கிடையாது. ஒன்று கெட்டால் எந்தப் பாதியை வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்பதற்காக அப்படி வடிவமைத்திருந்தார்கள்.

என் வலப்பாதியைக் கழற்றி செல்வினின் பெட்டியில் மாட்டினேன். அவர் உட்கார்ந்து அடித்தார். ஐந்து வரி, பத்து வரி, ஒரு பக்கம். நாங்கள் கோப்பையை எடுக்கவே தேவைப்படவில்லை. அவர் தோள்கள் இறங்கியதே போதும்.

ஆனால் எழுந்துகொண்டு, “இது ஏமாத்து வேலை இல்லையா?” என்றார். அவர் அப்படிப்பட்ட ஆள்.

“உங்க கையை எடை போடுறோம்னு சொல்லிட்டு அவங்க தராசுத் தட்டுல கல்லைக் கட்டியிருக்காங்க செல்வின். நாம கல்லை எடுத்துக் கீழ வைக்கிறோம்.”

மறுபடி உட்கார்ந்து இன்னும் இரண்டு வரி அடித்தார். “உங்க கீயெல்லாம் ஒரே பிசுபிசுன்னு இருக்கு” என்றார் கடைசியில். “கடலமிட்டாய் தின்னுட்டு அடிப்பீங்களோ?”

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போனார். கண்காணிப்பாளர் பெட்டியின் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். நாற்பது நிமிடம். விரலில் பழைய வலி இன்னும் இருந்தது. கணுவில் வீக்கம்கூட வடியவில்லை. இருந்தாலும் தேவையான வேகத்துக்குமேலே நிமிடத்துக்கு எட்டு சொற்கள் அதிகமாக அடித்துவிட்டு வெளியே வந்தார். கையெழுத்துத் தாளை யாரும் நீட்டவில்லை.

திங்கட்கிழமை எல்லாருக்கும் நிறுவனத்தின் செய்தி மடல் வந்தது. முதல் பக்கத்தில் செல்வினின் படம். நலத் திட்டத்தால் பூரண குணமடைந்த முதல் ஊழியர் என்று எழுதி, கீழே நிரஞ்சனாவின் வாழ்த்து. படித்துவிட்டு நான் மறுபடியும் கைகழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது என் இடத்தில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள், எல்லாரும் பதினைந்து வருடம் தாண்டியவர்கள். அஸ்லம் சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த தேர்வு யாருக்கு என்று அவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் புரியும்படி ஒரே ஒரு தடவை சொன்னேன், எழுதியும் கொடுத்தேன்.

எந்தக் கை வலிக்கிறது என்று படிவத்தில் எழுதினீர்களோ, அந்தக் கைக்குரிய பாதியைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் அதே பக்கத்துப் பாதியைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். உங்களுடையதை அவரிடம் கொடுங்கள். அதற்கு அவர் கையைத் தெரியாது, இதற்கு உங்கள் கையைத் தெரியாது. இரண்டு பேருக்கும் எல்லா விசையும் நாற்பத்தைந்து கிராம்.